வளர்மதிக்குத் தண்ணி ஆகாது

உக்காருங்க தம்பி. சீட்டு காலிதான், ஆளு வராது. என்ர ஊட்டுக்காரிக்குப் போட்ட சீட்டுங்க இது. அவ வரல.

தமிழ்ல பேசறதக் கேட்டதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. எந்த ஊருங்க? திருச்சிங்களா, சரி சரி. நமக்கு ஈரோட்டுப் பக்கம் பெருந்துறை. டயர் பட்டறை வெச்சிருக்கறேன். பஸ் ஸ்டேண்டுல எறங்கி டயர்க்கடைச் சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா கைப்புள்ளையும் வழி சொல்லும். இங்க பாருங்க, என்னைய ஒருத்தருக்கும் தெரியாது. கப்பல்ல ஏறுனதும் கதவச் சாத்திப்போட்டாங்க. ஜன்னலுந் தொறக்காதாமா. போர்ட்பிளேர் போற வரைக்கும் இந்தப் பெட்டிக்குள்ளயே குந்தியிருக்கோணும். இந்தத் தீவுக்கு வந்ததுலருந்தே எனக்கு இப்பிடித்தானுங்க, கூண்டுல போட்ட கோழி கணக்கா.

அக்கட்ட ஜன்னலோரம் உக்காந்திருக்குதே, அந்தப் பாப்பாதான் உங்க சம்சாரமுங்களா? ரெண்டு பேருக்கும் தள்ளித் தள்ளிச் சீட்டுப் போட்டுட்டானா. புதுசா கண்ணாலம் ஆனவிங்க மாதிரித் தெரியுது. அதுக்குக் கப்பல் ஒத்துக்காதுங்க தம்பி, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எலுமிச்சம்பழம் இருக்குது, கொண்டுபோய்க் குடுங்க. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும். பொம்பளைங்க அப்பிடித்தான். நாமதான் பாத்துக் குடுக்கோணும்.

என்ர ஊட்டுக்காரிக்கு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கறா. அங்கயே இருந்துக்கறேன்னுட்டா. வருவா. வராம எங்க போவா? பஸ் ஏறத் தெரியாதவ, ப்ளேன் ஏறி வரோணும், அதுதான் எனக்கு வெசனமா இருக்குது. ஆனா வருவா.

இந்த ஊருக்கு வர்றது என்ர யோசனையே இல்லீங்க. குழந்தைவேலு பண்ணுன வேலை. பள்ளிக்கூடத்துலருந்து என்ர கூட்டாளி அவன். அவன் சம்சாரம் ஹேமலதா காலேஜ்ல வாத்தியாரம்மா, இந்தச் சித்திரைல ரிட்டயர் ஆச்சு. அதுக்கு ரெண்டு குடும்பமும் ஒட்டுக்கா அந்தமான் போலாம்னு சொன்னாங்க. நான் வேண்டாம்னேன். என்ர பொண்ணு பெங்களூர்ல இருக்குது, அது போன்ல, "அப்பா, அம்மா இதுவரைக்கும் எங்கயுமே போனதில்ல, கூட்டிட்டுப் போங்க"ன்னுச்சு. எப்பிடிப் பேசுது பாருங்க. வருசா வருசம் பழனிக்குப் போறோம். ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறை போறோம். போகாமயா இருக்கறோம்?

கூடுதுறைன்னதும் சொல்றேன். வளர்மதிக்குத் தண்ணி ஆகாதுங்க. கடைசிப் படியில உக்காருவா, நான் சொம்புல மொண்டு தலைல ஊத்துவேன். இருபத்தாறு வருசமா அப்பிடித்தான். எனக்கு முட்டிக்கு மேல தண்ணி வந்தாலே நெஞ்ச அடைக்கும், அதனால அவளும் எறங்கமாட்டா. அந்தச் சொம்பு கூட அவளுக்குன்னு தனியா வாங்குனது. அப்பிடி வெச்சுப் பாத்துக்கிட்டேனுங்க.

சோறும் அப்பிடித்தான். வெளிச்சோறு அவளுக்கு ஒத்துக்காது. அதனால கரண்டு குக்கரு, அரிசி, தொவரம்பருப்பு, பருப்புப்பொடி, ஊறுகாய்னு ஒரு பொட்டி தனியாவே கட்டிட்டு வந்தோம். மொத நாளு கடலோரமா ஒரு ஓட்டல்ல உக்காந்தோம். ஹேமலதா வளர்மதியப் பாத்து, "நீ என்ன சாப்பிடற வளரு?"ன்னு கேட்டுச்சு. நான், "அவளுக்கு ரெண்டு இட்லி போதும், இல்லீன்னா தயிர்சோறு"ன்னேன். அந்தம்மா என்னையத் திரும்பிப் பாத்து, "அண்ணா, நான் அவளைக் கேட்டேன்"னுச்சு. மூஞ்சில அடிச்ச மாதிரி. சரி, வாத்தியாரம்மா, அப்பிடித்தான் பேசும்னு உட்டுட்டேன். வளர்மதி நண்டு வேணும்னா. நண்டு! எங்க ஊட்ல மீனே எப்பயாச்சும்தான் வாங்கறது, எனக்கு அந்த நாத்தம் ஆகாது. இவ அந்த நண்ட ஒடச்சு ஒடச்சு உறிஞ்சித் தின்னா பாருங்க, என்னமோ பொறந்ததுலருந்து அதத் தின்னே வளந்தவ கணக்கா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி எனக்குத்தான் வகுறு கெட்டுப்போச்சு. பாத்ததுக்கே.

மக்யா நாள்லருந்து நான் ரூம்லயே அரிசிம்பருப்பு வெக்கச் சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம் கடலுக்குள்ள போற வெளையாட்டு ஒண்ணு. நீங்களும் போனீங்களா? கண்ணாடி மாட்டி, வாயில ஒரு கொழாய வெச்சுட்டுக் குப்புறப் படுத்து மீனு பாக்கறது. ஊர்ல மீன் கடைக்குப் போனாப் பாக்கறதுதான. கூட்டிட்டுப் போற ஆளு தமிழாளு, ஸ்டீபன்னு பேரு, பொறந்தது வளந்தது எல்லாம் போர்ட்பிளேராமா, இப்பக் குடியிருக்கறது இந்தத் தீவுல. குழந்தைவேலு போறேன்னான், ஹேமலதா போறேன்னுச்சு. நான் திரும்பிப் பாக்கறேன், இவ சீலைய இழுத்துச் செருகிட்டு நிக்கறா. யாரு? வளர்மதி. அந்தம்மா கூடப் போறதுக்கு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நாலு பேருத்துக்கு முன்னால சத்தம் போட முடியுமா? ஸ்டீபனத் தனியாக் கூப்புட்டு, "தம்பி, இந்தம்மாவுக்குப் பிரசர் இருக்குது. கேட்டா இல்லீம்பா. நம்பீறாதீங்க"ன்னு சொல்லி வெச்சேன். சொன்ன மாதிரியே அவ, "எனக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி, நல்லாத்தான் இருக்கறேன்"னு சொல்லிப் பாத்தா. அந்தாளு சிரிச்சுட்டே, "பரவால்லம்மா, கரையிலயே இருங்க, இங்கயும் நல்லாத்தான் இருக்கும்"னுட்டாரு. நல்ல மனுசன்.

பிரசரு எனக்குத்தானுங்க. அதனாலென்ன, ஒரு பாதுகாப்புக்குச் சொல்றதுதான.

அவ என்ர பக்கத்துல மணல்ல வந்து உக்காந்தா. என்னைய ஒரு பார்வை பாத்தா. நல்லாப் பாத்தா. எனக்கு மனசு நெறஞ்சுபோச்சுங்க. காப்பாத்திட்டமேன்னு. டீ வாங்கிக் குடுத்தேன், கையிலயே வெச்சிருந்தா, அது ஆறிப்போச்சு.

கேக்கறீங்களா? இல்ல அந்தப் பாப்பாவப் பாக்கறீங்களா? எலுமிச்சம்பழத்த மடில வெச்சுட்டு சிப்ஸு திங்குது. இருக்கட்டும், அலை வந்தாத் தெரியும்.

பட்ட கால்லயே படுங்கற கதையா, அடுத்த நாளு வானம் இருண்டுபோச்சு. காத்தழுத்தமாமா. கப்பல் எல்லாம் நிறுத்திப்போட்டாங்க. எப்ப உடுவீங்கன்னா, "கடல் சரியானா உடுவோம்"னாங்க. கடல் எப்ப சரியாகும்? அது யாருக்குந் தெரியாது. மழையுங் காத்தும். தென்னை மரமெல்லாம் தலைய விரிச்சுப் போட்டுட்டு ஆடுது. கரண்டு போயிப்போயி வருது. போன்ல டவர் இல்ல. பட்டறைல என்ன நடக்குதுன்னு தெரியாது, பசங்க என்ன பண்றானுங்கன்னு தெரியாது. உங்களுக்குப் புரியுதுங்களா, நான் ஒருநாளு இல்லீன்னாக்கூட ஓடாத பட்டறை அது. அப்பறம் பேசறப்ப, எல்லாம் நல்லா ஓடுச்சுன்னானுங்க. பொய் சொல்றானுங்க.

நாங்க தங்குனது மரத்துல பண்ணுன சின்ன ரூமுங்க. ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவா முன்னால ஒரு வராந்தா. அதுல நாலு நாற்காலி. எந்நேரமும் நாங்க நாலு பேரும் அதுலதான். நானும் பாத்தேன், எங்கிட்டுத் திரும்புனாலும் தண்ணி. ஊர்ல கோவம் வந்தா வண்டிய எடுத்துட்டுப் பெருந்துறை சந்தைக்குப் போயிட்டு வருவேன். இங்க கோவிச்சுட்டு எந்திரிச்சா ரூமுக்குத்தான் போகோணும். ரூமுக்குப் போனா இவ இருக்கறா. வெளிய வந்தா ஹேமலதா இருக்குது. மழைல நனைஞ்சுட்டுக் கரையோரம் நடந்தேன், சுத்தி வந்து அதே ரூமுகிட்டத்தான் நின்னேன். மூச்சு முட்டிப்போச்சு தம்பி. செயிலுக்குப் போனவன்கூட எப்ப உடுவான்னு தெரிஞ்சுட்டு உள்ள இருப்பான்.

நான் இவகிட்டச் சொன்னேன், "எப்பிடித்தான் புள்ள மனுசன் ஒரே எடத்துல அடைஞ்சு கெடக்கறது? பேசறதுக்கு ஆளில்ல, போறதுக்கு எடமில்ல, அடுத்தவன் சொல்ற நேரத்துக்குத் திங்கோணும், தூங்கோணும். பைத்தியம் புடிச்சுரும்"னு. அவ அரிசி களைஞ்சுட்டு இருந்தா. "பழகிக்குமுங்க"ன்னா. ஒரு ஆறுதலாப் பேசத் தெரியுதா பாருங்க.

பொழுது போகோணும்ல. சீட்டாடுனோம். அது சலிச்சுப்போயி, ஹேமலதா பேச்சுக் குடுக்க ஆரம்பிச்சுது. எல்லாரையும் இல்ல, இவளை. ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதையா, "நீ சின்னப்புள்ளைல என்ன பண்ணுவ வளரு? என்ன படிச்ச? எது புடிக்கும்?" இதையே. வாத்தியாரு வேலை போயும் கேள்வி கேக்கற புத்தி போகல. மொதல்ல இவ என்ர மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் பேசுனா. அப்பறம் பாக்கறத நிறுத்திட்டா.

அப்பத்தான் அந்தக் கெணத்துக் கதை. கொடுமுடிக்குப் பக்கம் இவிங்கப்பன் தோட்டம். பெரிய கெணறு, எறங்கறதுக்குப் படி இருக்கும். இவ மோட்டார் ரூம் மேல ஏறி நின்னு தலைகீழாக் குதிப்பாளாமா. அடில போயி மண்ண அள்ளிட்டு வந்து காட்டுவாளாமா. காவேரில தண்ணி போறப்ப அக்கரை வரைக்கும் நீந்திப் போயிட்டு வருவாளாமா. அவிங்கண்ணனுங்களே இவகிட்டத் தோத்துப்போவானுங்களாமா. மழைச் சத்தத்துல இதச் சொல்லிட்டே இருக்கறா. கையெல்லாம் ஆட்டி ஆட்டி. கையாட்டி அவ பேசி நான் பாத்ததேயில்ல.

குழந்தைவேலு என்னையப் பாத்து, "ஏ மாப்ள, இதெல்லாம் நீ சொன்னதேயில்லியே"ன்னான். நான், "அதெல்லாம் தெரியும், சொல்றதுக்கு என்ன இருக்குது"ன்னேன். எனக்கு எப்பிடித் தெரியுமுங்க? அவ சொன்னாத்தான தெரியும்.

ஹேமலதா உடல. "அப்பறம் எப்பிடி வளரு உனக்குத் தண்ணின்னாப் பயம் வந்துச்சு?"

இவ, "எனக்குப் பயமில்லீங்கக்கா. கண்ணாலமான வருசம் கூடுதுறைல எறங்கப் போனேன். இவரு கையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டாரு. கையி நடுங்கிட்டு இருந்துச்சு அவருக்கு. பாவமா இருந்துச்சு. அதனால உக்காந்துட்டேன்"னா.

அதோட உட்டிருக்கலாம். "எனக்குப் பிரசருமில்லீங்கக்கா"ன்னும் சொன்னா. குழந்தைவேலு சீட்டுக்கட்டக் கலைச்சுட்டே இருந்தான். அவிங்க கூடத்தான் அன்னைக்குப் பூராவும் உக்காந்திருக்கோணும், வேற எங்க போறது? சொல்லுங்க. அந்த மழை என்னமோ எனக்காகவே நிக்காமப் பேஞ்ச மாதிரி இருந்துச்சு.

ஒருவழியா மழை உட்டுச்சு. காலைல முழிச்சுப் பாக்கறேன், கட்டில்ல இவ இல்ல. குக்கரு காலியாக் கெடக்குது. அரிசி ஊற வெக்கல. கடல் பக்கம் ஓடுனேன். ஹேமலதா கரையில துண்டோட நிக்குது. தண்ணிக்குள்ள தூரத்துல ஒரு தலை.

அந்தம்மாவோட சுடிதாரப் போட்டுட்டுப் போயிருக்கறா. வெயில் அப்பத்தான் வருது, தண்ணி கண்ணாடி மாதிரிக் கெடக்குது, அந்தத் தலை போயிட்டே இருக்குது. நான் "வளரு, வளரு"ன்னு கத்தறேன். திரும்பல. தண்ணில எறங்குனேன். முட்டி வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல என்ர காலு போகல தம்பி. நின்னுட்டு அழுதுட்டேன். எனக்கென்ன வெக்கம், அழுதேன்னு சொல்றதுக்கு? அவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எந்தச் சட்டை எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது.

அப்பறம் திரும்பி வந்தா. சும்மா அலைமேல படுத்துட்டு வந்தா. எந்திரிச்சு நடந்து வர்றா, முடியெல்லாம் தண்ணி சொட்டுது. மூச்சு வாங்குது, ஆனா சிரிச்சுட்டு வர்றா. அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லீங்க. கண்ணாலத்தன்னைக்குப் பாத்ததில்ல, பாப்பா பொறந்தன்னைக்கும் பாத்ததில்ல. ரொம்ப அழகா இருந்தா. அதுக்குத்தான் எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு.

பேசுனேன். அவிங்க ரெண்டு பேரு முன்னாலயும் பேசுனேன். அறிவிருக்குதா, வயசென்ன, சொல்லிட்டுப் போனியா, ஊர்ல கேள்விப்பட்டா என்ன சொல்லுவாங்கன்னு. "போதும் வந்தது, கெளம்பு, மொதக் கப்பல்ல போறோம்"னுட்டேன். குழந்தைவேலு, "ஏ மாப்ள, இன்னம் நாலு நாளு இருக்குது, நாங்க இருக்கறோம்ல"ன்னான். நீ இருந்துக்கோன்னேன். நானே பொட்டி கட்டுனேன். நானே டிக்கெட்டு போட்டேன். இவ சீலை கட்டிட்டுப் பொறகாலயே வந்தா. எப்பவும் வர்ற மாதிரித்தான்.

கப்பலேறற எடத்துல வரிசை நின்னுச்சு, நீங்களும் பாத்திருப்பீங்களே. சனம் நெருக்குது. ஹேமலதாவும் குழந்தைவேலுவும் வழியனுப்ப வந்து நின்னாங்க. என்ர முறை வந்துச்சு. திரும்பிப் பாத்தா இவ வரிசைய உட்டு வெளிய நிக்கறா. "வா புள்ள"ங்கறேன். நிக்கறா. "பொறகால ஆளு நிக்கறாங்க, ஏறு"ங்கறேன். "நான் வரலீங்க"ங்கறா. மெதுவாத்தான் சொன்னா. ஒரு வெள்ளைக்காரம்மா என்னைய இடிச்சுட்டுப் போகுது, டிக்கெட் கிழிக்கறவன் இந்தில என்னமோ சொல்றான், குழந்தைவேலு தலையக் குனிஞ்சுட்டான். எனக்கு மானம் போகுது. அந்த எரிச்சல்ல, "உனக்கு என்னதான் புள்ள வேணும்?"னு கத்திப்போட்டேன்.

அது கேள்வியே இல்லீங்க தம்பி. கோவத்துல எல்லா ஆம்பளையும் சொல்றதுதான். பதில் வரோணும்னு யாரும் கேக்கறதில்ல.

இவ அத நெசமாவே எடுத்துக்கிட்டா. நின்னு யோசிச்சா. அவ்வளவு சனம் நெருக்குது, இவ பாட்டுக்கு யோசிக்கறா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு, அத நான் பாத்தேன். அப்பறம் என்ர சட்டைக் காலரச் சரி பண்ணி உட்டா. "நீங்க போங்க. எனக்குக் கொஞ்ச நாளு தனியா இருக்கோணும். அக்காவிங்க கெளம்பினாலும் நான் இருப்பேன், ஸ்டீபன் ஊட்டம்மா ஒரு ரூம் தர்றேன்னிருக்கறாங்க. ஊட்டுக்கு வர்றனா இல்லியான்னு யோசிச்சுட்டு நானே சொல்றேன்"னா. ஸ்டீபன் ஊட்டம்மாகிட்ட எப்பப் பேசுனா, எங்க பேசுனா, எனக்குத் தெரியாது. நான் கூடவேதான இருந்தேன்.

அதுக்குள்ள தள்ளி ஏத்திப்போட்டாங்க. கதவச் சாத்திட்டாங்க. ஜன்னல் வழியாப் பாத்தேன், கண்ணாடியெல்லாம் உப்பு, ஒண்ணுந் தெரியல.

உக்காந்து இதையேதான் யோசிச்சுட்டு வர்றேன், எங்க தப்புன்னு. இருபத்தாறு வருசத்துல ஒருநாளும் அவகிட்ட அந்த வார்த்தையக் கேட்டதில்லீங்க. ஒரு கொறையுமில்லாம நல்லாத்தான் இருந்தோம். ஒரே ஒரு தடவை, அதும் வாய் தவறி, கேட்டுப்போட்டேன்.